வினாத்தாளைச் சோதிப்பது யார்?

பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் வேண்டும். அந்த 35-ஐச் சேர்ப்பதற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. வினாத்தாளின் நான்காம் பகுதியில் இரண்டே வினாக்கள்தான். ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். தலா 8 மதிப்பெண். இரண்டிலும் ‘அல்லது’ என்று மாற்று வினாவும் கொடுக்கப்பட்டிருக்கும். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று சில வகை வரைதல்களையும், இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தையும் கைக்குப் பழக்கமாகும் வரை போட்டுப் பார்த்தவருக்கு 16 மதிப்பெண் வந்துவிடும். முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பாடநூலின் பயிற்சிகளில் உள்ள பலவுள் தெரிவு வினாக்களின் விடைகளை மனப்பாடம் செய்தவர் அவற்றில் 9 வாங்கிவிடலாம். ஆக, 25 ஆயிற்று. தேல்ஸ் தேற்றத்தை நிறுவி எழுத 5, கணங்களின் கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்க்க 5. மாணவர் தேறிவிட்டார்.

நான் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கணக்கை நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியின் பொறுப்பில் வளர்ந்து, பாதி ஆண்டு கழிந்த பிறகே ஒழுங்காக வகுப்புக்கு வரத் தொடங்கும் பிள்ளையிடம் நான்கு மாதத்தில் செய்யக்கூடியது அதுதான். வினாத்தாளின் வடிவம் எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறதோ அந்த வாசல் வழியாகத்தான் ஆசிரியரும் மாணவரை அழைத்துச் செல்வார். எனது கேள்வி வேறு. அந்த 35 என்ன சொல்கிறது? அப்பிள்ளைக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம். வட்டி கணக்கிடத் தெரியாமல் இருக்கலாம். இன்னொருவர் முக்கோணவியலையும் நிகழ்தகவையும் புரிந்துகொண்டு, வரைபடத்தில் தடுமாறி, அதே 35-ஐப் பெற்றிருக்கலாம். சான்றிதழில் இருவரும் ஒன்றே. எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் ஒரு தேர்வு அளக்கிறதா என்பதை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் ‘ஏற்புடைமை’ என்று படித்துவிட்டு வருகிறோம். படித்ததோடு சரி.

எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டை மூட்டையை நிறுக்கும் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரையையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரிக்கு அபராதம். ஆண்டுதோறும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை நிறுக்கும் பத்தாம் வகுப்பு வினாத்தாளுக்கு அப்படியொரு முத்திரை கிடையாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் வினாத்தாளைத் தயாரிக்கிறார்கள், வேறு சிலர் சரிபார்க்கிறார்கள், மறைவாக அச்சாகிறது. தேர்வு நாள் காலைவரை ஒரு மாணவர்கூட அந்த வினாக்களுக்கு விடை எழுதிப் பார்த்ததில்லை. தேர்வு முடிந்த பிறகும், எந்த வினாவுக்கு எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள் என்ற விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. தேர்ச்சி விழுக்காடு வருகிறது, மாவட்ட வாரியாக வருகிறது, நூற்றுக்கு நூறு பெற்றோர் எண்ணிக்கை வருகிறது. வினா எப்படி நடந்துகொண்டது என்பது மட்டும் வருவதில்லை.

வினாத்தாளைச் சீர்திருத்த முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1957-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று வினாக்களைத் தரம்பிரிக்கும் பழக்கம் நம் ஆசிரியர்களிடம் வந்தது அந்த வழியில்தான். அதே மரபில் வந்ததுதான் ‘புளூபிரிண்ட்’. எந்தப் பாடப்பகுதியிலிருந்து, எந்தத் திறனைச் சோதிக்க, எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா என்று வகுத்துக்கொள்ளும் அட்டவணை அது. வினாத்தாள் தயாரிப்பவர் கையில் அது இருந்தால் கட்டடத்துக்கு வரைபடம் இருப்பதைப் போல. நம் ஊரில் அது மாணவர் கைக்கும் வந்து, இந்த இயலிலிருந்து பெரிய வினா வராது, அதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லும் உணவுப் பட்டியலாகிவிட்டது.

2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டபோது, மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600-ஆகக் குறைக்கப்பட்டது; புளூபிரிண்டும் கைவிடப்பட்டது. புத்தகம் முழுவதிலிருந்தும், சிந்தித்து எழுதும்படியாகவும் வினாக்கள் வரும் என்று அறிவித்தார்கள். நோக்கத்தில் தவறில்லை. ஆனால், மாணவர் கையிலிருந்து பட்டியலைப் பறிப்பது வேறு, வினாத்தாளைச் செம்மையாக வடிவமைப்பது வேறு. முதலாவதைச் செய்தோம். ஒவ்வொரு மார்ச் மாதமும் ‘வினாக்கள் சுற்றிவளைத்துக் கேட்கப்பட்டன’ என்ற செய்தி வரத் தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளின் வினாத்தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்து, ஆசிரியர்கள் தாங்களே ஒரு புளூபிரிண்ட் போட்டுக்கொண்டார்கள். முதல் பத்தியில் சொன்ன கணக்கு அப்படிப் பிறந்ததுதான்.

கடினமான வினா என்றால் தரமான வினா என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்குவோர் எண்ணிக்கை கூடினால் ‘தரம் தாழ்ந்துவிட்டது’ என்கிறோம், குறைந்தால் ‘மாணவர்களை வதைக்கிறார்கள்’ என்கிறோம். தேர்வியலில் ஒரு வினாவின் தரத்தை அறிய மிக எளிய வழி உண்டு. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஒரு வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து 10 தாள்களையும் கீழிருந்து 10 தாள்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவாகப் பார்க்க வேண்டும். ஒரு வினாவுக்கு மேல் வரிசையில் எட்டுப் பேரும் கீழ் வரிசையில் இரண்டு பேரும் சரியாக எழுதியிருந்தால், அது தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுகிறது; நல்ல வினா. இருபது பேரும் சரியாக எழுதியிருந்தால் அது யாரையும் பிரிக்கவில்லை. ஆனாலும், அடிப்படை எல்லாருக்கும் வந்துவிட்டது என்று உறுதிசெய்துகொள்ளப் பயன்படும். மேல் வரிசையில் மூன்று பேர், கீழ் வரிசையில் ஐந்து பேர் சரி என்றால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். நன்றாகப் படித்தவர் தவறுகிறார், படிக்காதவர் சரியாகப் போடுகிறார் என்றால், பழுது வினாவில் இருக்கிறது. விடைக்குறிப்பு தவறாக இருக்கலாம். இரண்டு விடைகள் பொருந்தலாம். கூர்ந்து வாசிப்பவருக்கு மட்டும் தென்படும் குழப்பம் ஒன்று வாக்கியத்தில் இருக்கலாம். இந்தச் சோதனையை நான் மாதத் தேர்வுகளில் செய்து பார்ப்பதுண்டு. விலைக்கு வாங்கிய வினாத்தாள்களில் இத்தகைய வினா ஒன்றேனும் அகப்படாத மாதம் அரிது.

பலவுள் தெரிவு வினாவில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன என்று கேட்டு, 5/6, 2/5, 1/5, 1/6 என்று நான்கு விடைகளைக் கொடுப்பதாகக் கொள்வோம். 2/5 என்று குறிக்கும் பிள்ளை மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறது. 1/5 என்று குறிக்கும் பிள்ளை கீழ் எண்களை மட்டும் கூட்டியிருக்கிறது. 1/6 என்பது பெருக்கியோ கழித்தோ வந்தது. ஒவ்வொரு தவறான விடையும் மறுநாள் வகுப்பில் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறது. அதே வினாவுக்கு 5/6, 7, 100, ‘இவற்றில் எதுவுமில்லை’ என்று கொடுத்தாலும் அதுவும் பலவுள் தெரிவு வினாதான், திருத்துவதும் எளிது. அதிலிருந்து எவருக்கும் எதுவும் தெரியவராது. நம் வினாத்தாள்களிலும், அவற்றைப் பார்த்து அச்சாகும் வழிகாட்டி நூல்களிலும் இரண்டாம் வகை மலிந்திருக்கிறது. வினாவை யோசிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தவறான விடைகளை யோசிக்க நாம் செலவிடுவதில்லை.

வினாக்களை முன்கூட்டியே மாணவரிடம் கொடுத்துச் சோதித்தால் கசிந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். 2022 பிப்ரவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளியானபோது, விசாரணை வந்து நின்றது எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான். அந்த நாள்களில் தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை பேசப்பட்டதெல்லாம் பூட்டு, உறை, காவல், வாட்ஸ்ஆப் பற்றியே. பூட்டி வைக்கப்பட்டிருந்த தாளுக்குள் இருந்த வினாக்கள் எப்படிப்பட்டவை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரகசியம் காப்பது ஒன்றே தேர்வின் தரம் என்று நாம் பழகிவிட்டோம். அமெரிக்காவின் ‘எஸ்ஏடி’ போன்ற தேர்வுகளில் மதிப்பெண் கணக்கில் சேராத சில வினாக்களை மற்ற வினாக்களோடு கலந்து கொடுத்துவிடுகிறார்கள். எது கணக்கில் சேரும், எது சேராது என்று எழுதுபவருக்குத் தெரியாது. அதில் தேறிய வினா, வங்கியில் சேமிப்பாகி, பின்னொரு நாள் உண்மைத் தேர்வுக்கு வருகிறது. ஆயிரக்கணக்கான வினாக்கள் கொண்ட வங்கி இருந்தால், அவற்றில் பத்து வெளியே தெரிந்துபோனாலும் குடி மூழ்கிவிடாது. ஒரே ஒரு தாளை நம்பியிருப்பதால்தான் அது கசிந்தால் எல்லாம் கசிந்துவிடுகிறது.

வினாவின் மொழி தனியே பேச வேண்டிய விஷயம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான கணக்கில் ‘நிலக்கடலை’ என்று வந்தால், வீட்டில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டே வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒரு கணம் நிற்கும். தென் மாவட்டத்துப் பிள்ளைக்கு மல்லாட்டை என்றால் விளங்காது. பொதுத் தேர்வுக்குப் பொதுச் சொல்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால், கணக்குத் தெரியாமல் நின்றதா, சொல் தெரியாமல் நின்றதா என்று பிரித்தறியும் கடமை வினா அமைப்பவருக்கு உண்டு. குறை எண்களை விளக்க, மின்தூக்கி தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்குவதாகக் கணக்குப் போடுகிறார்கள். அதில் ஏறியே பார்த்திராத பிள்ளைக்குக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவது உடனே விளங்கும். இவற்றைவிடப் பெரிய இடையூறு நம் வினாத்தாள் நடை. ‘பின்வருவனவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது’ என்கிற தோரணையில் வினா அமைத்தால், அறிவியல் தேர்வு தமிழ்த் தேர்வாகிவிடுகிறது. அதுவும் மோசமான தமிழில்.

இதன் உச்சத்தை 2018 மே மாதம் நடந்த நீட் தேர்வில் பார்த்தோம். அது பள்ளித் தேர்வு இல்லைதான். எழுதியவர்கள் நம் பள்ளிப் பிள்ளைகள். 180 வினாக்களில் 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை என்று வழக்குத் தொடுத்தார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன். சிறுத்தை ‘சீத்தா’ ஆகியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு அந்த ஆண்டு ஜூலை 10 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வினாவே இறுதியானது என்று தேர்வுக் குறிப்பேட்டில் சொல்லியிருந்ததும் வாதத்தில் எடுபட்டது.

அந்த வழக்கில் அழுத்தமாகக் கேட்கப்படாத ஒன்று உண்டு. அந்த 49-இல் எவை உண்மையாகவே மாணவரைத் தடுக்கின? மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்ற தமிழ் மாணவர்களையும் ஆங்கில மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, வினா வினாவாக ஒப்பிட வேண்டும். மற்ற வினாக்களில் இரு சாராரும் சமமாக இருக்க, ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் தமிழ் மாணவர் சரிந்திருந்தால், அந்த மொழிபெயர்ப்பு அவர்களை வீழ்த்தியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். உலகின் பெரிய தேர்வு அமைப்புகளில் இது அன்றாட வேலை. இதைச் செய்திருந்தால் 49-க்கும் மொத்தமாக மதிப்பெண் தருவது, ஒன்றுக்கும் தராமல் விடுவது என்ற இரு முனைகளுக்கு இடையே நியாயமான ஒரு வழி கிடைத்திருக்கும். ஏறத்தாழ 24,000 தமிழ்வழித் தேர்வர்கள் கணினியில் படிக்கப்பட்ட விடைத்தாள்களைத் தந்திருந்தார்கள். கணக்கைப் போடுவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

விரிவான விடைகளைத் திருத்துவதில் உள்ள ஏற்றத்தாழ்வு பழங்கதை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து 142 ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 50-ஐ ஒட்டியும் 90-க்கு மேலும் மதிப்பெண்கள் வந்தன. நாம் விரிவான விடைக்குறிப்பு தந்து, மையங்களில் கூட்டி வைத்துத் திருத்தி, இந்தச் சிக்கலைப் பெருமளவு சமாளித்திருக்கிறோம். அதற்குக் கொடுத்த விலை, பாடநூலின் வாக்கியத்தை அப்படியே எழுதியவர் பாதுகாப்பாக இருப்பதும், சொந்தச் சொல்லில் எழுதியவர் திருத்துபவரின் பொறுமையை நம்பியிருப்பதும்.

இனி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் 2010-இல் எண்பது விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியிருந்த தேர்ச்சி, 2019-இல் 95 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 93.80. பிள்ளைகள் முன்பைவிட நன்றாகக் கற்கிறார்களா, வினாத்தாள் எளிதாகிவிட்டதா, திருத்துவதில் தாராளம் கூடிவிட்டதா? மூன்றில் எது என்று சொல்ல நம்மிடம் வழியில்லை. இடையில் சமச்சீர்க் கல்வி வந்தது, பாடத்திட்டம் மாறியது, 2019-20 முதல் மொழிப் பாடங்களின் இரண்டு தாள்கள் ஒன்றாகின, கணிதத்தில் 10 மதிப்பெண் வினா 8 மதிப்பெண் ஆனது. மரக்காலை ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொண்டே, விளைச்சல் கூடிற்று என்று சொல்லிக்கொள்வதற்கு ஒப்பானது இது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்தும் ‘பிசா’ தேர்வில், ஒரு சுற்றில் கேட்ட வினாக்களில் சிலவற்றை வெளியிடாமல் வைத்திருந்து அடுத்த சுற்றிலும் கேட்கிறார்கள். அந்தப் பொது வினாக்களை நங்கூரமாக வைத்துத்தான் இரண்டு சுற்றுகளின் மதிப்பெண்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறார்கள்.

பிசா என்றதும் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய வடு உண்டு. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் அதன் 2009 சுற்றின் நீட்டிப்பில் கலந்துகொண்டன. 15 வயது மாணவர்களுக்கான தேர்வு அது. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 நாடுகள், பகுதிகளில் தமிழ்நாடு 72, இமாச்சலம் 73. வாசிப்பில் நம் சராசரி 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டியது. வினாக்கள் நம் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று மத்திய அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதன் பிறகு நடந்த எந்தச் சுற்றிலும் இந்தியா பங்கேற்கவில்லை. அந்த மறுப்பில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். மின்தூக்கிக் கணக்கைக் குறை சொன்ன நானே அப்படிச் சொல்ல முடியாது. ஆனால், பொருந்தாத வினாக்கள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றை நீக்கிவிட்டால் நம் சராசரி எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கலாம். அந்த வேலையைச் செய்யாமல் விலகிக்கொண்டதால், மாநிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்த அதே வயதுப் பிள்ளைகள் அங்கே ஏன் அப்படி நின்றார்கள் என்ற வினாவும் விடையின்றிப் போயிற்று.

இதைச் சொல்லும்போது, நம் மாநிலத்தில் தேர்வுகளுக்குப் பஞ்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2017-லும் 2021-லும் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2021 நவம்பர் சுற்றில் நாடு முழுவதும் ஏறத்தாழ 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். 2024 டிசம்பரில் அதன் இடத்துக்கு ‘பரக்’ ஆய்வு வந்தது. 2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவு ஆய்வை நடத்தினார்கள். இவற்றோடு ‘பிரதம்’ தொண்டு நிறுவனத்தின் ‘அசர்’ ஆய்வும் உண்டு. அதன் கருவி ஒரு தாள் அளவுதான். எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை. கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். வீட்டுக்கே வந்து, பிள்ளையின் அருகில் அமர்ந்து, வாய்மொழியாகக் கேட்கிறார்கள். அது சொல்லும் செய்தி அரசுகளுக்குப் பெரும்பாலும் உவப்பாக இருப்பதில்லை. ஆய்வு முறையையும் குறை சொல்வார்கள். என்ன அளக்கிறோம் என்பதில் அதற்குக் குழப்பமில்லை என்பதே அதன் பலம்.

இந்த ஆய்வுகளின் வேலை பள்ளிக் கல்வியின் உடல்நிலையைப் பார்ப்பது. பொதுத்தேர்வின் வேலை ஒரு தனி மாணவருக்குச் சான்று தருவது. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்ற அமைச்சர், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று விதி செய்தார். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு அதைக் கடுமையாக எதிர்த்தார். பொருள் புரியாமலே வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டுத் தேறிவிடுகிறார்கள் என்று அறிக்கை எழுதினார். அதன் சாயலில் சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளிலும் அன்று மானிய முறை இருந்தது. இன்று மானியம் இல்லை, மாவட்டத் தரவரிசை இருக்கிறது. கடைசி இடங்களில் ஊர்ப் பெயர் வந்துவிட்டால் ஆய்வுக் கூட்டம், விளக்கம், மாதிரி வினாத்தாள், பயிற்சி என்று சங்கிலி தொடங்குகிறது. அடுத்த சுற்றில் காய்ச்சல் குறைந்ததா, வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்தார்களா என்று தெரியாமல் போகிறது. திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களுக்கு இந்த அவஸ்தை புதிதில்லை.

நல்ல வடிவமைப்புக்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கரோனா இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்பக் கற்பிக்கச் சொன்னார்கள். மதிப்பீட்டின் முடிவு மறுநாள் வகுப்பறையில் ஒரு செயலாக மாற வேண்டும் என்பது அதன் அடிப்படை. பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர்கள் முணுமுணுத்ததும் உண்மையே. ஆனாலும், தேர்வு எதற்கு என்ற வினாவுக்கு அதில் நேரான விடை இருந்தது. பத்தாம் வகுப்புக்கு வரும்போது அந்தத் தெளிவு காணாமல் போகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை இல்லை. பொதுத்தேர்வு விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின் சில காலம் வைக்கப்பட்டு, பழைய தாளாகிவிடுகின்றன. அவற்றிலிருந்து மாநிலம் முழுவதும் பரவலாக ஐயாயிரம் தாள்களை எடுத்து, வினாவாரி மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றினாலே போதும். எந்த வினா பழுது, எந்த வினா தமிழ்வழி மாணவரையோ மலைவாழ் மாணவரையோ தனியாகச் சறுக்க வைத்தது, 35-க்கும் 45-க்கும் இடையில் நிற்பவர்கள் எந்தெந்த வினாக்களால் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதெல்லாம் தெரியவரும். அந்த அறிக்கையை அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் வினா அமைப்பதையும் வினாக்களைப் பகுத்தாய்வதையும் மட்டுமே தொழிலாகக் கொண்ட, புள்ளியியல் தெரிந்த ஒரு சிறு குழு நிரந்தரமாக இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து சில வாரங்களுக்கு அழைத்துவந்து, அவசரமாகத் தாள் தயாரித்து அனுப்பிவிடும் முறையில் எவ்வளவு திறமையான ஆசிரியரும் இதைச் செய்ய முடியாது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரு பொதுத்தேர்வை நடத்தும் உழைப்பும் நாள்களும் மிச்சமாகின்றன. பத்தாம் வகுப்பை இப்போதுதான் முடித்து வந்திருக்கும் அந்தப் பிள்ளைகளிடம், எதிர்காலப் பத்தாம் வகுப்பு வினாக்களை முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரம், இருபது வினா, பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் பதிவு இல்லை. எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஜவ்வாதுமலையின் பழங்குடிப் பள்ளி ஒன்று, ஆரணியில் நெசவாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று, திருவண்ணாமலை நகரத்தின் தனியார் பள்ளி ஒன்று, கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசுப் பள்ளி. நான்கிலும் ஒரே இருபது வினாக்களைக் கொடுத்து, விடைகளை அடுக்கி வைத்துப் பார்க்க இரண்டு வாரம் போதும்.